பழமைத் தோற்றமும் பட்டறைக் காற்றும்: கைவிடப்பட்ட போர் விமான மாதிரி செய்வோர் கவனத்திற்கு

அருங்காட்சியகங்களுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் அளவு மாதிரிகள், அதாவது உண்மைப் பொருளை அதே விகிதத்தில் சிறிதாக்கிய உருவங்கள், செய்து கொடுப்பது என் தொழில். புதுப்பொலிவுடன் நிற்கும் விமானத்தின் மாதிரியைச் செய்வதைக் காட்டிலும், பல ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் கிடந்து சிதைந்த விமானத்தின் மாதிரியைச் செய்வது உடல்நலத்துக்குப் பன்மடங்கு ஆபத்தான வேலை என்பதைப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் உணர்வதில்லை. புது விமானத்துக்கு ஒட்டுவதும் வண்ணம் அடிப்பதும் போதும். சிதைந்த விமானத்துக்கோ அறுக்க வேண்டும், தேய்க்க வேண்டும், அடித்த வண்ணத்தையே கரைத்து உரிக்க வேண்டும், அதன்மேல் துருவையும் புழுதியையும் காட்டும் வண்ண நுண்தூள் தூவ வேண்டும். தூசியோ ஆவியோ கிளம்பாத கட்டம் அதில் அரிது.

இதை ஓர் உண்மையான விமானத்தைக் கொண்டே விளக்குகிறேன். 1942 பிப்ரவரி 23 அன்று, ஜப்பானியர் வசமிருந்த ரபவுல் துறைமுகத்தைத் தாக்கிவிட்டுத் திரும்பிய அமெரிக்க பி-17இ குண்டுவீச்சு விமானம் ஒன்று, எரிபொருள் தீரும் நிலையில் நியூகினியின் அகயாம்போ சதுப்பில் சக்கரங்களை இறக்காமலே தரையிறங்கியது. அதிலிருந்த ஒன்பது பேரும் உயிர் தப்பினர். விமானம் மட்டும் ஆளுயரப் புல்லுக்கு நடுவே தங்கிவிட்டது. 1972இல் ஆஸ்திரேலிய விமானப்படையினர் அதை வானிலிருந்து கண்டனர். பின்னாளில் ‘சதுப்பு ஆவி’ (ஸ்வாம்ப் கோஸ்ட்) என்று பெயர் பெற்ற அந்த விமானம் 2006இல் பிரித்தெடுக்கப்பட்டு, இன்று ஹவாயில் பேர்ல் ஹார்பர் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சதுப்பில் கிடந்தபோது எடுத்த புகைப்படங்கள் நிறைய இருப்பதால் மாதிரி செய்வோர் இதை விரும்பித் தேர்ந்தெடுக்கின்றனர்.

பி-17இன் இறக்கை அகலம் ஏறத்தாழ 31.6 மீட்டர். 1:48 அளவில், அதாவது உண்மையின் 48இல் ஒரு பங்காகச் செய்தால், அது 66 சென்டிமீட்டர். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகத்தின் தடிமன் 1 மில்லிமீட்டர் என்றால், உண்மை அளவில் அது 48 மில்லிமீட்டர் தடித்த சுவர். உண்மைத் தகடோ ஓரிரு மில்லிமீட்டர்தான். ஆகவே கிழிந்த தகட்டைக் காட்ட வேண்டிய இடங்களில் எல்லாம் பிளாஸ்டிக்கை உட்புறமிருந்து கடைந்து மெலிதாக்க வேண்டியிருக்கிறது. மேலும் இந்த விமானத்தின் சுக்கான், எலிவேட்டர், ஐலரான் ஆகிய அசையும் பாகங்கள் துணி போர்த்தியவை. துணி முதலில் மக்கிப் போய் உள்ளிருக்கும் விலாச்சட்டங்கள் வெளியே தெரியும். அந்த எலும்புக்கூட்டைக் காட்ட, பாகத்தை முழுதாக அறுத்தெடுத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் விலாக்களை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்ட வேண்டும். சுழலும் கடைசல் கருவியை இதற்குப் பயன்படுத்துபவர்கள் மேசைமீது விழும் பெரிய துகள்களைத்தான் பார்க்கிறார்கள். நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும் துகள்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை நெடுநேரம் காற்றிலேயே மிதக்கின்றன.

ஆகவே இயன்ற இடத்திலெல்லாம் வாட்டர் பேப்பரை (நனைத்துப் பயன்படுத்தும் உப்புத்தாளை) தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். கருவியைக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் பிளாஸ்டிக் உருகாமலும் இருக்கும், தூசியும் குறையும். என்95 முகக்கவசம் மூக்கின் மேலும் கன்னத்திலும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். பெருக்கினால் படிந்த தூசி மறுபடி மூச்சு மட்டத்துக்கு எழும். கிழிசல்களைப் பொறுத்தவரை, கடைவதைவிட அலுமினியத் தாளைப் பதித்துக் கிழிப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். பார்வைக்கும் அதுவே உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது.

என்ஜின், விமானி அறை போன்றவற்றுக்கு இப்போது முப்பரிமாண அச்சில் வரும் ரெசின் (திரவமாக இருந்து கெட்டியாகும் பிசின்) பாகங்களைப் பலர் வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்கிறார்கள். உறையாத அக்ரிலேட் ரெசின் தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை அந்த ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் அதன்பின் சிறு துளியும் அரிப்பையும் வெடிப்பையும் கொண்டுவரும். எங்களிடம் பயிற்சிக்கு வந்த இளைஞர் ஒருவர் விரல்நுனிகள் வெடித்து, அதைச் சேற்றுப்புண் என்று எண்ணிக் களிம்பு பூசிக்கொண்டிருந்தார். நைட்ரைல் கையுறை அணிந்து, அதில் ரெசின் பட்டவுடன் மாற்றிவிடுவதே வழி. இரு திரவங்களைக் கலந்து வார்க்கும் பாலியூரித்தேன் ரெசினில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது என்பதால், ஏற்கெனவே இழைப்பு உள்ளவர்கள் வார்ப்பு வேலையை அறவே தவிர்க்க வேண்டும். உடனடியாக ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையைப் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைக்கக் கூடாது. பருத்தியுடன் சேர்ந்தால் அது வேகமாக உறைந்து, தோலைச் சுடும் அளவுக்கு வெப்பத்தை வெளியிடும்.

வண்ணம் அடிக்கும் கட்டத்தில்தான் மிகத் தவறான நம்பிக்கை ஒன்று நிலவுகிறது. என்95 கவசம் அணிந்துகொண்டு லாக்கர் எனும் கரைப்பான் கலந்த வண்ணத்தை ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவியில்) அடிப்பவர்கள் தங்களுக்குப் பாதுகாப்பு இருப்பதாக நினைக்கிறார்கள். அந்தக் கவசம் துகளைத் தடுக்கும். வண்ணத்தை இளக்கக் கலக்கும் தின்னரின் ஆவி அதன் வழியே தங்குதடையின்றிச் செல்லும். தூண்டப்பட்ட கரி நிரப்பிய, கரிம ஆவிக்கென்றே செய்த கேட்ரிட்ஜுடன் (மாற்றக்கூடிய வடிகட்டிக் குப்பியுடன்) கூடிய ரப்பர் முகமூடியும், அதன் முன்னால் துகள் வடிகட்டியும் வேண்டும். தாடி இருந்தால் முகமூடி முகத்தில் ஒட்டி அமராது. கேட்ரிட்ஜைத் திறந்த மேசையில் வைத்துவிட்டால் பயன்படுத்தாத நேரத்திலும் அறைக் காற்றிலுள்ள ஆவியை உறிஞ்சி வீணாகும். காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் மலிவான தின்னர்களில் டொலுயீன் கலந்திருப்பது பொதுவானது; அது நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் தீங்கற்றது என்பதும் பாதி உண்மைதான்: தூரிகையில் தீட்டும்போது பெரிதாகக் கவலையில்லை, ஏர்பிரஷில் அது நுண்துளிகளாக மாறி மூச்சுக்குள் போகிறது.

முகமூடியைவிட முக்கியமானது காற்று வெளியேறும் வழி. சாளரத்தை மூடிக் குளிர்சாதனத்தை ஓட்டிக்கொண்டு வண்ணம் அடிப்பது மிக மோசமான ஏற்பாடு. வீடுகளில் பயன்படும் ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையேதான் திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. மூன்று பக்கமும் மறைத்த தெளிப்புப் பெட்டியிலிருந்து குழாய் வழியே காற்றை வீட்டுக்கு வெளியே தள்ள வேண்டும், மின்விசிறியின் மோட்டார் அந்தக் காற்றோட்டத்துக்குள் இருக்கக் கூடாது. தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து அடுத்த அறைக்கும் செல்லும். அங்கே எரியும் பூசை விளக்கும் கொசுவர்த்தியும் சமையல் அடுப்பும் அதைப் பற்றவைக்கப் போதும்.

இனிச் சிதைவுத் தோற்றம். வேதியியல் தெரிந்தால் இங்கே வேலையும் குறையும், ஆபத்தும் குறையும். விமானத்தின் உடல் அலுமினியக் கலவை. அது இரும்பைப்போல் செந்துரு பிடிப்பதில்லை, சாம்பல் வெள்ளைப் பொடியாகத்தான் பூக்கிறது. செந்துரு வர வேண்டிய இடங்கள் எஃகுப் பாகங்கள் மட்டுமே: என்ஜின் உருளைகள், புகைபோக்கிகள், விமானியின் பின்னாலுள்ள கவசத் தகடு. உடல் முழுவதும் துருநிறத் தூளைக் கொட்டும் மாதிரிகளைப் பார்க்கும்போது, தேவையில்லாத தூசியைச் சுவாசித்துத் தவறான தோற்றத்தைப் பெற்றிருக்கிறார்களே என்று வருத்தமாக இருக்கிறது. 1943இல் காணாமற்போய் 1958இல் லிபியப் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்ட ‘லேடி பி குட்’ என்ற பி-24 விமானத்தைச் செய்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். வறண்ட காற்றில் அரிப்பு மிகக் குறைவு.

வண்ணம் உரிந்த தோற்றத்துக்கு நான் உப்பு முறையையே முதலில் கற்பிக்கிறேன். வெள்ளி நிற அடிப்பூச்சின்மேல் ஈரத்தோடு கல்லுப்பைத் தூவி, காய்ந்தபின் மேல்வண்ணம் அடித்து, பிறகு உப்பைத் தட்டி உதிர்த்தால் ஒழுங்கற்ற திட்டுகள் இயல்பாக அமையும். கரைப்பான் எதுவும் தேவையில்லை. எண்ணெய் வண்ணத்தால் அழுக்கு வழிவதைக் காட்டுபவர்கள் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. அந்த வண்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றுடன் வினைபுரிந்து சூடாகும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். காட்மியம், ஈயம் கலந்த வண்ணங்களின் லேபிளைப் படித்துவிட்டுத் தனியே ஒதுக்குங்கள். அவற்றைத் தேய்க்கவோ தெளிக்கவோ கூடாது. நுண்தூளை வாயால் ஊதிப் பரப்பும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

உண்மையான பழைய விமானத்தின் அளவிகளை (வேகம், உயரம் முதலியவற்றைக் காட்டும் முள் வட்டுகளை) பழம்பொருள் கடைகளில் வாங்கி மாதிரியின் அருகே காட்சிக்கு வைக்க விரும்புபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால அளவிகள் பலவற்றில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசினார்கள். ஒளிர்வு நின்றுபோயிருக்கலாம், ஆனால் கதிர்வீச்சு நிற்கவில்லை: ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1600 ஆண்டுகள். கண்ணாடி உடைந்த அளவியைத் திறக்கவும் சுரண்டவும் கூடாது.

வேலை செய்யும் நாட்களில் தலைவலி, மயக்கம், இரவில் இருமல், நெஞ்சிறுக்கம், விரல்களில் அரிப்பு ஆகியவை தோன்றி, வேலை செய்யாத நாட்களில் தணிகிறதா என்று கவனியுங்கள். தணிந்தால் மருத்துவரிடம் செல்லும்போது நீங்கள் பயன்படுத்தும் ரெசின், தின்னர், பசை ஆகியவற்றின் லேபிள்களைப் படமெடுத்துக் கொண்டு செல்லுங்கள். மாதிரி செய்வதை ஒரு பொழுதுபோக்காக மட்டும் கருதி மருத்துவரிடம் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். அதனால் காரணம் தெரியாமலே மருந்து மட்டும் தொடர்கிறது.