போல்ட் பொருந்தினால் போதுமா? தவறான பாகம் பிரேக்கை என்ன செய்கிறது

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை, பேட் எனும் உராய்வுக் கட்டைகளால் இருபுறமும் கவ்விப் பிடிப்பது பிரேக் காலிபர். அதன் மேல்பக்கத்தில் சின்ன ரப்பர் தொப்பி போட்ட ஒரு திருகு இருக்கும், பிளீடர் என்பார்கள். காலிபரைக் கழற்றி மாட்டும்போது உள்ளே புகுந்துவிடும் காற்றை அந்த வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். வொர்க்‌ஷாப்பில் நம்ம ஆட்கள் "ஏர் எடுக்கணும்" என்று சொல்வது இதைத்தான். சரி, இடது காலிபரை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் மாற்றி மாட்டிவிட்டால்? பல கார்களில் போல்ட் துளை பொருந்தும், குழாய் எட்டும், பேட் உட்காரும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் மேலே இருக்க வேண்டிய பிளீடர் கீழே போயிருக்கும். காற்று மேலே ஏறித் தங்கிவிடும், திருகைத் திறந்தால் கீழிருந்து சுத்தமான ஆயில் மட்டும் வரும், ஒரு குமிழ்கூட வராது. பாட்டில் பாட்டிலாக ஊற்றி ஏர் எடுத்தாலும் பெடல் மெத்தென்றே இருக்கும். அப்புறம், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் மேல் சந்தேகம் போகும், அதையும் மாற்றுவார்கள், பெடல் அப்படியேதான் இருக்கும்.

இதை முதலில் சொல்லக் காரணம், இங்கே எந்தப் பாகமும் பழுதில்லை, போலியும் இல்லை. எல்லாம் நல்ல பாகம், இடம்தான் மாறிவிட்டது. பிரேக் என்பது ஒன்றையொன்று கணக்குப் பார்த்துச் செய்த பாகங்களின் கூட்டு. அதில் ஒன்று மாறினால் மற்றவற்றின் கணக்கும் மாறுகிறது.

கொஞ்சம் காற்றுக்கு ஏன் இவ்வளவு கெடுதல் என்று கேட்கலாம். நாம் பெடலை மிதிக்கும் விசையை பெடலின் நெம்புகோல் அமைப்பு 4 முதல் 6 மடங்குவரை பெருக்கும், அதற்கு மேல் பூஸ்டரும் கைகொடுக்கும். அந்த விசை மாஸ்டர் சிலிண்டரில் அழுத்தமாகி, ஆயில் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால் அங்கே தள்ளினால் இங்கே பிஸ்டன் நகர்கிறது. பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான், ஆகவே நகர வேண்டிய ஆயிலும் மிகக் கொஞ்சம். காற்று சுருங்கும். ஒரு குமிழ் இருந்தாலே நம் காலின் உழைப்பு பேடைத் தள்ளாமல் அந்தக் குமிழைச் சுருக்குவதில் வீணாகிறது.

மாஸ்டர் சிலிண்டரை மாற்றும்போது இன்னொரு பொறி இருக்கிறது. ஒரே மாடல் காருக்கே 22.2 மில்லிமீட்டர் துளை கொண்டதும் 25.4 மில்லிமீட்டர் கொண்டதும் இருக்கலாம். வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், பெரியதில் பரப்பு ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம், அதே மிதிக்குக் கிடைக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. கொடுமை என்னவென்றால் பெடல் முன்பைவிட உறுதியாக, சட்டென்று நிற்கிற மாதிரி தெரியும். ஓட்டுபவர் "பிரேக் சூப்பரா இருக்கு" என்பார், அவசரத்தில் மிதிக்கும்போதுதான் கார் நிற்க மறுப்பது தெரியவரும்.

அடுத்தது ஆயில். பெரும்பாலான கார்களுக்கு டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகிய மூன்றில் ஒன்றுதான், எல்லாமே கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை. பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் டாட் 5 வேறு சாதி, அது சிலிகான், மற்றவற்றோடு கலக்காது. அதைவிட மோசம், பவர் ஸ்டியரிங் ஆயிலையோ இன்ஜின் ஆயிலையோ தவறிப்போய் பிரேக் டப்பாவில் ஊற்றுவது. பிரேக்கின் ரப்பர் சீல்கள் கிளைக்காலைத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். டப்பா மூடிக்குள் இருக்கும் ரப்பரைப் பாருங்கள்: அது உப்பி, நெளிந்து, திரும்பப் போட்டால் உட்கார மறுத்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். பெடலை விட்டதும் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப மாஸ்டர் சிலிண்டரில் ஊசி முனை அளவு ஒரு துளை இருக்கிறது. ஊதிப்போன சீல் அதை அடைத்துவிடும். பிறகு ஓட ஓட ஆயில் சூடாகி விரிகிறது, திரும்பிப்போக வழியில்லை, காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கைப் பிடித்தபடியே இருக்கிறது, அதனால் மேலும் சூடு, மேலும் விரிவு. கடைசியில் கார் நடுரோட்டில் தானாகவே இறுகி நின்றுவிடும். இப்படி ஆகிவிட்டால் ஆயிலை மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடியாது, எண்ணெய் பட்ட ரப்பர் அத்தனையையும், சில நேரம் சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் ஏபிஎஸ் யூனிட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கிளைக்கால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் என்பதையும் நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் மறக்கக் கூடாது. டாட் 4 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்கு வைத்திருக்கும் வரம்பு 155 டிகிரிதான். 1,300 கிலோ கார் ஒன்றை 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் சுமார் 4 லட்சம் ஜூல் ஆற்றல் போய்ச் சேருவது பெரும்பாலும் டிஸ்க்குகளில்தான். ஒரு லிட்டருக்கும் மேலான குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஆயில் கொதித்தால் ஆவி, ஆவி என்றால் மறுபடியும் அதே சுருங்கும் கதை.

பேட் விஷயத்துக்கு வருகிறேன். பல பேடுகளின் ஓரத்தில் இரண்டு எழுத்து அச்சிட்டிருப்பார்கள், முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்று சொல்லும். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. ஜி தானே நல்லது என்று பின்சக்கரத்துக்கு மட்டும் அதைப் போட்டால் ஆபத்து. பிரேக் போடும்போது காரின் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது, அங்கே பிடி அதிகமானால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகி வால் வீசும். ஏபிஎஸ் கொஞ்சம் சமாளிக்கும், ஆனால் அதுவும் முன்பின் சமநிலை சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் வேலை செய்கிறது. பந்தயப் பேடும் அப்படித்தான், அளவு கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) பலமாடி கார்நிறுத்துமிடத்தின் முதல் சரிவில் இறங்கும்போது அது இன்னும் குளிர்ந்தே இருக்கும்.

ஏபிஎஸ் விளக்கு எரிவதற்கும் தவறாக மாட்டிய பாகம் காரணமாகலாம். பல கார்களில் சக்கர பேரிங்கின் ஒரு பக்கத்தில் மட்டும், சக்கர வேகத்தை சென்சார் படிப்பதற்கான காந்த வளையம் உண்டு, பேரிங்கைத் திருப்பி அடித்துவிட்டால் சென்சாருக்கு எதுவும் தெரியாது.

சிங்கப்பூரில் இந்தக் குழப்பம் கூடுதலாக வர ஒரு காரணம், ஒரே பெயரில் அதிகாரபூர்வ ஏஜென்ட் கொண்டுவந்த காரும், மற்ற வியாபாரிகள் தனியாக இறக்குமதி செய்யும் பேரலல் இம்போர்ட் காரும் ஓடுவது. இரண்டிலும் டிஸ்க் அளவும் காலிபரும் வேறாக இருக்கலாம். அப்புறம் சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்த பழைய கார்களுக்கு, எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரில் ஹாஃப்கட் (பாதியாக வெட்டிய பழைய கார்) பாகம் தேடும் பழக்கம். பரிசோதனையில் தேறிவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம். 3 முதல் 10 வயதுவரை உள்ள கார்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் என்று நடக்கும் அந்தச் சோதனையில் உருளைமேல் மெதுவாகச் சுழலும் சக்கரத்தின் பிடியைத்தான் அளக்கிறார்கள். விரைவுச்சாலை வேகத்தில் சூடேறிய பிரேக் எப்படி நடந்துகொள்ளும் என்பது அதில் தெரியாது.

அதனால் உபி, காக்கி புக்கிட் வட்டாரக் கடைகளில் பாகம் வாங்கும்போது மாடல் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லாமல் சேஸி நம்பரைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடுவதற்கு முன் புதியதைப் பக்கத்தில் வைத்து விட்டம், தடிமன், நடுவில் தொப்பிபோல் எழும் பகுதியின் உயரம் மூன்றையும் ஒப்பிடச் சொல்லுங்கள். காலிபர் கழற்றிய வேலை என்றால் வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு டார்ச்சை வாங்கிக் குனிந்து பாருங்கள், பிளீடர் இரண்டு பக்கமும் மேலே இருக்கிறதா என்று.