பஞ்சில் நனைத்த பால்

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. இனி நாங்க செய்யறதுக்கு ஒண்ணுமில்ல."

சேலம் அம்மாபேட்டையில் நாற்பது வருஷம் வெண்பட்டு வேட்டி நெய்த என் பெரியப்பாவுக்கு வாய்ப்புற்று முற்றியபோது ஒரு பெரிய மருத்துவமனையில் எங்களிடம் சொன்னது இது. சொன்ன டாக்டர் கெட்டவரில்லை, குரலில் வருத்தம் இருந்தது. ஆனாலும் அவர் சொன்னது தவறு. முடிந்துபோனது புற்றைக் கரைக்கும் வேலை மட்டும்தான். வலி, புண்ணின் நாற்றம், மலச்சிக்கல், தூக்கமின்மை, பயம் எல்லாம் அப்படியே இருந்தன. இவற்றைக் கவனிப்பதற்கென்றே ஒரு மருத்துவத் துறை இருக்கிறது என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

குணமாகாத நோயாளிகளின் வேதனையைத் தணிக்கும், ஹாஸ்பிஸ் என்று உலகம் சொல்லும் பராமரிப்பின் இன்றைய வடிவத்தைத் தொடங்கிவைத்தவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து, மருத்துவ சமூகப் பணியாளராகி, பிறகு டாக்டருக்கும் படித்தவர். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் 1986-ல் மும்பையில் வந்தது. 1993-ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த அமைப்பு, கட்டடத்தை நம்பாமல் ஊர்க்காரர்களையே பழக்கி நோயாளியின் வீட்டுக்குப் போகும் வழியைக் காட்டியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து தரும் நோய் ஆதரவு சிகிச்சை உண்டு. ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் எலும்புவரை புற்று பரவிப் படுத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸ் ஆடி ஆடி இறங்கினால் ஒவ்வொரு வளைவும் அவருக்கு ஒரு வதை. அங்கே மருத்துவம்தான் மலையேறிப் போக வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு ஒரு சிஸ்டர் வந்தார். பெரியப்பாவின் கன்னம் ஓட்டை விழுந்து, வாடைக்குப் பயந்து பேரப்பிள்ளைகளே கிட்டப் போகாமல் இருந்த நேரம். சிஸ்டர் முகம் சுளிக்காமல் புண்ணைக் கழுவினார். மெட்ரோனிடசோல் மாத்திரை இரண்டை இடித்துப் பொடியாக்கித் தூவி, துணி வைத்துக் கட்டினார். செத்துப்போன சதைக்குள் காற்றுப் படாத இடத்தில் வளரும் பாக்டீரியாதான் அந்த வாடையை உண்டாக்குகிறது, அதை இந்த மாத்திரை கொல்லும் என்றார். தினமும் கட்டு மாற்றி நாலைந்து நாளில் வாடை வெகுவாகக் குறைந்தது. சின்னவன் பழையபடி தாத்தா கட்டிலில் ஏறி உட்கார்ந்தான். விலை சொற்பமான ஒரு மாத்திரை இதைச் செய்யும் என்று அதுவரை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்தது மார்ஃபின், கடும் வலிக்கான மாத்திரை. பேரைக் கேட்டதுமே வீட்டில் ஆளுக்கொரு பயம். "போதை மருந்தாச்சே, அதுக்கே அடிமை ஆயிட்டா?" என்றார் சித்தப்பா. உடலில் எங்கோ திசு சிதையும்போது அந்தச் செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்கு வந்து, அங்கே கைமாறி மூளைக்குப் போகிறது. அந்தக் கைமாறும் இடத்தில் வலியைத் தணிக்க நம் உடலே சுரக்கும் எண்டார்ஃபின் வந்து பொருந்துவதற்கென்று ஏற்பிகள் இருக்கின்றன. மார்ஃபின் அதே ஏற்பிகளில் போய்ப் பொருந்தி, செய்தியைப் பெருமளவு அங்கேயே நிறுத்திவிடுகிறது. வலிக்காக, டாக்டர் பார்த்துக் கூட்டிக் குறைக்கும் அளவில் சாப்பிடுகிறவர்கள் அடிமையாவது அரிது. அப்படிக் கொடுத்தால் அது சாவைச் சீக்கிரம் கொண்டுவருவதும் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாக வரும், பிறகு தெளிந்துவிடும். குடலிலும் அதே ஏற்பிகள் இருப்பதால் மலம் கட்டும். அது மட்டும் நாள்பட்டாலும் போகாது. அதனால் மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்கிவிட வேண்டும்.

வலி வந்தால் மாத்திரை என்பது இங்கே உதவாது. ஒரு வேளை மார்ஃபின் சுமார் நாலு மணி நேரம் நிற்கும். இறங்கிவிட்ட வலியைத் திரும்ப ஏறவிட்டால் அடக்க அதிக மருந்து வேண்டும். தறியில் அறுந்த இழையைத் தேடித் தேடி முடிச்சுப் போடுவதைவிடப் பாவு அறுபடாமல் பார்த்துக்கொள்வது மேல் என்பதைப் பெரியப்பாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. நடுவில் எழுப்பாமல் இருக்க இரவில் மட்டும் இரண்டு பங்கு. பெரியம்மாவுக்கு எழுத வராது. தினசரி காலண்டர் தாளில் ஐந்து கோடு போட்டு, கொடுத்ததும் ஒரு குங்குமப் பொட்டு வைப்பார். ஒரு பொட்டுகூடத் தவறவில்லை.

இந்த மாத்திரைக்காக நாங்கள் அலைந்ததற்கு ஒரு பின்கதை உண்டு. 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து மருத்துவமனைகள் பல மார்ஃபினை வாங்குவதையே விட்டுவிட்டன. மார்ஃபின் எடுக்கப்படும் அபினைச் சட்டப்படியே விளைவித்து ஏற்றுமதியும் செய்த நாட்டில், சொந்த மக்கள் வலியில் கதறினார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வாங்கி வைப்பது எளிதாயிற்று. என்றாலும் எல்லா ஊரிலும் இன்னும் கிடைப்பதில்லை.

ஒரு வாரம் மருந்தைக் கூட்டியும் வலி குறையவில்லை. சிஸ்டர் அளவை மேலும் கூட்டக் கேட்காமல், கட்டில் ஓரம் உட்கார்ந்து, "ஐயா, ராத்திரி முழிச்சிருக்கிறப்ப என்ன நினைப்பு ஓடுது?" என்று கேட்டார். தறிக்கு வாங்கிய கடன் வெளியே வந்தது. பதினோரு வருஷமாகப் பேசாத தங்கச்சி பேரும் வந்தது. சாண்டர்ஸ் இதைத்தான் முழு வலி என்றார். உடம்பு, மனசு, உறவு, நம்பிக்கை எல்லாம் சேர்ந்த ஒரே வலி. இதற்கு நரம்பியல் விளக்கமும் உண்டு. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வரும் நரம்புப் பாதைகள் வலிச் செய்தியை அமுக்கவும் செய்யும், பெருக்கவும் செய்யும். பயமும் தூக்கமின்மையும் அந்தத் தராசைப் பெருக்கும் பக்கம் சாய்க்கின்றன. அத்தை ஆத்தூரிலிருந்து வந்து ஒரு மதியம் முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே அளவு மருந்துதான். அன்று இரவு பெரியப்பா தூங்கினார்.

கடைசி வாரத்தில் வீட்டுக்குள் பெரிய சண்டை சாப்பாட்டைப் பற்றித்தான். ஜவ்வரிசிக் கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டார். "பட்டினி போட்டே கொல்றீங்களா, ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்துங்க" என்று உறவுக்காரர்கள் கோபப்பட்டார்கள். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் பொதுவாக இருப்பது 25 கிராம் சர்க்கரை, இரண்டு இட்லி அளவு சக்தி என்று சிஸ்டர் விளக்கினார். அந்த நிலையில் உடலின் வேதியியலே மாறிவிடுகிறது. பசி அடங்கிப்போகிறது, உள்ளே போகும் உணவு சதையாக மாறுவதில்லை. ஏற்றும் தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கி மூச்சை இன்னும் திணறடிக்கக்கூடும். அவரைப் படுத்தியது வாய் உலர்ச்சி. அதற்கு ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் அடிக்கடி துடைத்துவிட்டாலே போதுமாக இருந்தது.

அப்புறம் பால். நினைவு தப்பியதும் சொந்தபந்தமெல்லாம் கரண்டியோடு வந்து நின்றார்கள். விழுங்கும் அனிச்சை போய்விட்டவர் வாயில் ஊற்றும் பால் மூச்சுக்குழலுக்குள் போகும், அவர் மூச்சு முட்டித்தான் போவார். சிஸ்டர் சடங்கை நிறுத்தச் சொல்லவில்லை. கிண்ணத்துப் பாலில் பஞ்சை நனைத்துப் பிழிந்து பெரியம்மா கையில் கொடுத்து, "உதட்டுல ஒத்துங்கம்மா, அது போதும்" என்றார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

மூச்சு வேகமாகி, மெதுவாகி, அரை நிமிஷம் நின்று, மறுபடி தொடங்கியது. ரத்தத்தின் கரியமில வாயு அளவுக்கு ஏற்ப மூச்சைச் சீராக நடத்த மூளையால் முடியாதபோது வரும் தாளம் அது. தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டது. விழுங்காத எச்சில்தான், பெரும்பாலும் நோயாளிக்கு அது தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்ததும் குறைந்தது. 2020-ல் வெளிவந்த ஒரு கனடா ஆய்வில், பேச்சுமூச்சற்றுக் கிடந்த ஹாஸ்பிஸ் நோயாளிகள் சிலரின் மூளை, சாவுக்குச் சில மணி நேரம் முன்புகூட ஒலிகளுக்கு மின்னலைகளால் எதிர்வினை காட்டியது. சொல்வது புரிகிறதா என்பதை அந்த அலைகள் காட்டாது. சிஸ்டர் எங்களைப் பேசச் சொன்னார், பேசினோம்.

காரியம் முடிந்து பத்து நாள் கழித்து சிஸ்டர் மறுபடி வந்தார். மிச்ச மார்ஃபினை எண்ணி வாங்கிக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறீர்களா என்று விசாரித்தார். வீட்டார் துக்கத்தைக் கவனிப்பதும் இந்த மருத்துவத்தில் ஒரு பகுதி என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெரியம்மா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கு அவருக்கு ஒரு வாய் கஞ்சி குடுத்திருக்கணுமோ?" என்று கேட்டார். சிஸ்டர் அன்று சொன்ன விளக்கத்தையே, அவசரமில்லாமல், மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.