இவர்தான் அவரா?

பாஸ்போர்ட்டைப் படமெடு, செல்ஃபி எடு, தலையைத் திருப்பு. செல்பேசியிலேயே வங்கிக் கணக்கு தொடங்கியவர்களுக்கு இது பழகியிருக்கும். பார்த்தால் ஒரே சோதனையின் மூன்று படிகள் போலத் தெரியும். வங்கிக்கோ அவை மூன்று தனித்தனிக் கேள்விகள். இந்த ஆவணம் அசலா? இதில் உள்ளவர்தான் எதிரே இருப்பவரா? எதிரே இருப்பது ஆளா, வெறும் படமா? ஒன்றின் பதிலை இன்னொன்றுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்போதுதான் மோசடிக்காரர் உள்ளே நுழைகிறார்.

முதல் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இருக்கும் இரண்டு வரிகள். வரிக்கு 44 இடங்கள். அதில் பிறந்த தேதியை அடுத்து ஓர் இலக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். 1985 மார்ச் 14 என்ற தேதி 850314 என்று பதிவாகும். இந்த ஆறு இலக்கங்களையும் வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 99 வரும். அதன் கடைசி இலக்கமான 9-தான் சரிபார்ப்பு இலக்கம். கேமரா ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தால், அது எந்த இலக்கமாக இருந்தாலும் இந்தக் கணக்கு இடிக்கும். 14 என்பது 41 என்று இடம் மாறினால் கூட்டல் 105 ஆகிவிடும், சிக்கிக்கொள்ளும். ஆனால் 16 என்பது 61 ஆனால் தப்பிவிடும். அடுத்தடுத்த இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால், இடமாற்றம் இந்தக் கணக்கின் கண்ணில் படாது.

இது பிழையைப் பிடிக்கும் ஏற்பாடு, போலியைப் பிடிக்கும் ஏற்பாடு அல்ல. பெருக்கல் தெரிந்த எவரும் சரியான இலக்கத்தை எழுதிவிடலாம்.

போலியைப் பிடிப்பது சிப். இன்றைய பல பாஸ்போர்ட்களில் பெயர், தேதி, புகைப்படம் எல்லாம் ஒரு சிப்புக்குள்ளும் இருக்கின்றன. அந்தத் தகவல்மீது, பாஸ்போர்ட்டை வழங்கிய நாடு தன் ரகசியச் சாவியால், அதாவது தன்னிடம் மட்டுமே உள்ள நீண்ட எண்ணால், மின் கையொப்பம் இட்டிருக்கும். புகைப்படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. சிப்பைத் திறக்கும் சாவியும் அந்த இரண்டு வரிகளிலிருந்தே பிறக்கிறது: பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி. செயலி முதலில் பக்கத்தைப் படமெடுக்கச் சொல்லி, அதற்குப் பிறகே பாஸ்போர்ட்டைச் செல்பேசியின் முதுகில் வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

சரி, முழுத் தகவலையும் கையொப்பத்தோடு அப்படியே வேறொரு சிப்புக்குள் நகலெடுத்தால்? அதற்காகப் பல சிப்களில் வெளியே எடுக்க முடியாத இன்னொரு ரகசியச் சாவி உண்டு. அந்தச் சாவி இருந்தால் மட்டுமே தீர்க்கக்கூடிய புதிய கணக்கு ஒன்றை ஒவ்வொரு முறையும் கொடுத்துப் பார்ப்பார்கள். நகல் அங்கே தோற்றுவிடும்.

ஆவணம் அசல்தான். ஆனால் திருடப்பட்டதாக இருக்கலாம். ஆகவே செல்ஃபி. மென்பொருள் ஒரு முகத்தைச் சில நூறு எண்களாக மாற்றுகிறது. ஒரே ஆளின் இரண்டு படங்கள் ஏறக்குறைய ஒரே எண்களைத் தரும்படி அது பழக்கப்பட்டிருக்கிறது. இரண்டு எண் தொகுதிகளுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு வரம்புக்குள் இருந்தால் ஒரே ஆள் என்று முடிவு.

தலையைத் திருப்பச் சொல்வது மூன்றாவது கேள்விக்காக. அச்சிட்ட படத்தைத் திருப்பினால் மூக்கும் காதும் ஒன்றாகவே சாயும். உண்மையான தலையில் மூக்கு முந்திக்கொண்டு நகரும். சில செயலிகள் திரையில் நிறங்களை மாற்றி மாற்றி ஒளிரவிட்டு, அது தோலில் எப்படிப் பிரதிபலிக்கிறது என்று பார்க்கின்றன. இப்போதைய பெரிய தலைவலி, கேமராவையே ஒதுக்கிவிட்டுப் போலி வீடியோவை நேராகச் செயலிக்குள் செலுத்துவது. அதனால் முகத்தோடு சேர்த்து, படம் உண்மையான கேமராவிலிருந்துதான் வருகிறதா என்பதையும் சோதிக்க வேண்டியிருக்கிறது.

முகங்களை ஒப்பிடும் அந்த வரம்பை எங்கே வைப்பது என்பதுதான் என்னை உறுத்தும் விஷயம். தளர்த்தினால் வேறொருவர் நுழைவார். இறுக்கினால் உரியவரே வெளியே நிற்பார். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் சில இனத்தவரின் முகங்களில் வேறொருவரை அவர்தான் என்று ஏற்றுக்கொள்ளும் தவறை 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாகச் செய்தது தெரியவந்தது. ஒரே வரம்பு எல்லாருக்கும் ஒரே அளவு பாதுகாப்பைத் தரவில்லை. வரம்பை ஒட்டி விழும் முகங்களைப் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் வீடியோவில் நேரடியாகப் பேசிப் பார்க்கும் வழியைச் சில வங்கிகள் வைத்திருக்கின்றன. எல்லா வங்கிகளும் வைக்க வேண்டும்.