அளிந்ததும் அழுகியதும்

மார்த்தாண்டம் சந்தையில் பொழுது சாயும்போது மட்டி வாழைப்பழக் குலைகளைப் பார்த்திருப்பீர்கள். தோலெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்து, தொட்டால் மெத்தென்று இருக்கும். எங்கள் பக்கம் அதை அளிந்த பழம் என்பார்கள். அழுகியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த இரண்டு சொற்களையும் பிரித்து வைத்தவர்கள் நுண்ணோக்கியைக் கண்டதில்லை. ஆனாலும் சரியான இடத்தில்தான் பிரித்திருக்கிறார்கள்.

அளிவது பழத்தின் சொந்த வேலை. எத்திலீன் வாயு தூண்டிவிட, மாவுச்சத்து சர்க்கரையாகிறது; செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் கரைந்து சதை இளகுகிறது. அடிபட்ட இடத்தில் செல்கள் உடைந்து, பாலிஃபீனால்கள் என்ற சேர்மங்கள் நொதியுடனும் காற்றுடனும் கலந்து பழுப்பாகின்றன. தாராளமாகத் தின்னலாம். நன்றாக அளிந்த சக்கைப்பழத்தில்தானே, அதாவது பலாப்பழத்தில்தானே, சக்கை வரட்டி என்ற இனிப்பைக் கிண்டுகிறோம்?

அழுகல் வேறோர் உயிரின் வேலை. மழைக்காலத்தில் ஒரு மாம்பழத்தின் காம்படியைப் பாருங்கள். நீர் கோத்த வட்டம், அதன் நடுவே சாம்பல் நிறப் பஞ்சு. அந்தப் பஞ்சு பூசணம் வித்துகளைத் தூவுவதற்காக வெளியே நீட்டிய பகுதி. தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அதன் இழைகள் அதற்கு முன்பே சதைக்குள்ளே ஓடியிருக்கும். அவை கண்ணுக்குத் தெரியாது.

சில பூசணங்கள் நஞ்சும் சுரக்கும். ஆப்பிளை அழுகவைக்கும் பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்ற பூசணம் உண்டாக்கும் பட்டுலின் என்ற நஞ்சு, ஆப்பிள் சாற்றில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். கொதிக்கவைத்தாலும் அது முழுவதும் அழியாது. ஆகவே பூத்துப்போன பழத்தை ஜாம் காய்ச்சித் தப்பிக்க முடியாது.

என் ஆச்சி அரிவாள்மணையில் கெட்ட பாதியை அரிந்து எறிந்துவிட்டு, மீதியை எங்களுக்கு நீட்டுவார். வீணாக்கக் கூடாது என்ற அந்த மனசை மதிக்கிறேன்; ஆனால் மாம்பழத்திலும் பப்பாளியிலும் திராட்சையிலும் அது உதவாது. நீர் மிகுந்த சதையில் இழையும் நஞ்சும் எளிதாகப் பரவும். அந்தப் பழத்தையே போட்டுவிடுங்கள். சதை இறுகிய காய்கனி என்றால், புள்ளி சிறியதாக இருக்கும்போது சுற்றிலும் ஆழத்திலும் ஓர் அங்குலம் விட்டு வெட்டலாம். கத்தி பூசணத்தில் படக் கூடாது. பட்டால் அதுவே வித்துகளை நல்ல பக்கத்துக்குக் கொண்டுபோகும்.

புளித்த வாடை வந்தால் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள், அதையும் விட்டுவிடுங்கள்.

தோப்பில் விழுந்து கிடக்கும் வௌவால் கடித்த பழத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2018இல் கோழிக்கோட்டில் உயிர்களைப் பறித்த நிபா வைரஸ், பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது. அவற்றின் எச்சில் வழியாகவும் அது வரக்கூடும். பல் பட்ட பழம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழுவவும் வேண்டாம், வெட்டிப் பார்க்கவும் வேண்டாம். பிள்ளைகள் பொறுக்கும் முன்னே கையுறை போட்டு எடுத்துப் புதைத்துவிடுங்கள்.