கேரியரில் பிள்ளை, போக்ஸ் கம்பியில் குதிகால்

“எலும்பு உடையலைன்னு சொல்லிட்டாங்க சார், வெறும் தோல்தான்.” இந்த வாரமும் இதைக் கேட்டாயிற்று. அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பால்வாடியிலிருந்து வீட்டுக்கு வந்த நான்கு வயதுக் குழந்தை. குதிகால் பின்சக்கரத்துக்குள் போய்விட்டது. அன்றைக்கே பக்கத்தில் எங்கேயோ எக்ஸ்ரே எடுத்து, தையல் போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கட்டிலிருந்து வாடை வருகிறது என்று அடுத்த வாரம் எங்களிடம் தூக்கி வருகிறார்கள். பிரித்துப் பார்த்தால் குதிகாலுக்குப் பின்னால் தோல் கறுத்து விறைத்துக் கிடக்கிறது, அதன் ஓரத்தில் வெள்ளையாக நரம்பு தெரிகிறது. மக்கள் நரம்பு என்பார்கள், உண்மையில் அது குதிகாலைக் கெண்டைக்கால் சதையோடு சேர்க்கும் தசைநார்.

நான் மதுரையில் எலும்பு சிகிச்சை பார்க்கிறேன். உடற்பயிற்சிக்காக விடிகாலையில் ரிங் ரோட்டில் சைக்கிள் மிதிப்பவர்களும் என்னிடம் வருகிறார்கள், பெரும்பாலும் முழங்கால் வலி என்று. இந்தக் கட்டுரை அவர்களுக்கு இல்லை. சித்தாள், டீ மாஸ்டர், வாட்ச்மேன், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் என்று சைக்கிளே வீட்டு வண்டியாக இருப்பவர்களுக்கு. அந்த வண்டியில்தான் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, ரேஷன் கடைக்குப் போகிறது, திருவிழாவுக்கும் போகிறது. பிளஸ் ஒன் படிக்கும் அக்காவுக்கு அரசு கொடுத்த சைக்கிளில் தம்பி பின்னால் தொற்றிக்கொள்வது நம் ஊரில் எல்லாத் தெருவிலும் நடப்பது.

கால் எப்படி உள்ளே போகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. மூன்றிலிருந்து ஏழு வயதுப் பிள்ளையின் கால் எதையும் எட்டாமல் சக்கரத்தின் பாதி உயரத்தில் தொங்கும். ஆட்டும், திரும்பிப் பார்க்கும், சாயங்காலம் என்றால் தூங்கி வழியும். அவ்வளவு போதும்.

நான் விளக்க வேண்டியது அந்த “வெறும் தோல்தான்” என்பதை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தோல் தெரியாது. அதனால் ‘எக்ஸ்ரே நார்மல்’ என்றால் எலும்பு தப்பித்தது என்று மட்டும்தான் அர்த்தம். சுழலும் போக்ஸ் கம்பி குதிகாலை இழுத்துக்கொண்டு போய் சைக்கிள் ஃபிரேமோடு வைத்து நசுக்குகிறது. கத்தி கிழித்த காயத்தில் வெட்டின ஓரம் மட்டும்தான் சேதம், சேர்த்துத் தைத்தால் ஒட்டிவிடும். இங்கே அப்படி இல்லை. மேலே தோல் முழுசாகத் தெரியும்போதே அடியில் அது சதையிலிருந்து உரிந்து, அதற்கு ரத்தம் கொண்டுவரும் சன்னமான குழாய்கள் அறுந்திருக்கும். பிடுங்கிப் போட்ட நாற்று அன்றைக்குப் பச்சையாகத்தான் இருக்கும், அது மாதிரி. முதல் நாள் லேசான சிராய்ப்பும் வீக்கமும். மூன்றாம் நாள் நீலம் பாரிக்கும். நாலு அஞ்சு நாளில் கறுத்துவிடும். அப்போதுதான் “நல்லாத்தானே சார் இருந்துச்சு” என்கிறார்கள். நன்றாக இருக்கவில்லை, நன்றாக இருந்த மாதிரி தெரிந்தது.

அந்த இடத்தில் தோல் போனால் ஏன் இத்தனை கவலைப்படுகிறோம் என்றால், குதிகாலின் பின்பக்கத்தில் சதையே கிடையாது. தோல், கொஞ்சம் கொழுப்பு, உடனே தசைநார். தொடைத் தோலைச் சீவி எடுத்து ஒட்டுகிறோமே, அது திறந்து கிடக்கும் தசைநார் மேல் சரியாகப் பிடிக்காது. பக்கத்திலிருந்து ரத்த ஓட்டத்தோடு தோலைத் திருப்பிக் கொண்டுவந்து மூட வேண்டும், அது பெரிய அறுவை சிகிச்சை. அது முடிந்தாலும் செருப்பு வார் தினமும் உரசும் இடம் அது. வாரக்கணக்கில் டிரெஸ்ஸிங், அழுகை, ஸ்கூல் லீவு, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கூலி போச்சு. எலும்பு உடைந்திருந்தால்கூட மாவுக்கட்டோடு சீக்கிரம் முடிந்திருக்கும் என்று இந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது பல தடவை நினைத்திருக்கிறேன்.

இன்னொன்று: இப்படி ஆனதும் சைக்கிளை விற்றுவிட்டுக் கடனில் மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள். தயவுசெய்து அந்த முடிவுக்குப் போகாதீர்கள். அதிலும் இதே கால், இதே சக்கரம், ஆனால் வேகம் பல மடங்கு. செயினில் சிக்கி விரலே துண்டான பிள்ளைகளையும் நாங்கள் பார்க்கிறோம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 123-வது விதி, மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் பாதிக்காவது தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது. நாம் சாரி கார்டு என்று சொல்வது அதைத்தான். சைக்கிளுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. நான் பார்த்த அரசு சைக்கிள்களிலும் இந்தத் தடுப்பு இல்லை. கொடுக்கும்போதே அதையும் சேர்த்துக் கொடுத்தால் எத்தனையோ தம்பி தங்கைகளின் குதிகால் தப்பும்.

அரசு செய்யும்வரை நீங்கள் செய்யுங்கள். சைக்கிள் கடையில் சொன்னால் கேரியர் கம்பிக்கும் மட்காட்டுக்கும் நடுவே கெட்டியான பிளாஸ்டிக் வலையை இரண்டு பக்கமும் கட்டித் தருவார்கள். கண்ணி பிள்ளையின் கால் விரல் நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். துணி வலை, சாக்கு எல்லாம் வேண்டாம், அதையும் சக்கரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பாதத்தை வைத்து வாரால் கட்டுகிற மாதிரி சீட் வாங்க முடிந்தால் அதைவிட நல்லது. அச்சில் மாட்டும் ஃபுட்ரெஸ்ட் பெரிய பிள்ளைக்குத்தான், சின்னதுக்குக் கால் எட்டாது. ரப்பர் செருப்போடு ஏற்றாதீர்கள், ஷூ போடுங்கள். ஷூ கிழியும், கால் மிஞ்சும். முன் பாரில் உட்காரவைப்பது பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு: முன்சக்கரத்தில் கால் மாட்டினால் வண்டி அப்படியே குப்புற விழும், தலையும் சேர்ந்து அடிபடும். தூக்கம் வருகிற பிள்ளையை இறக்கிவிடுங்கள். இறக்கி நடத்துங்கள். கேரியரில் வைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனாலும் கால் மாட்டும்.

நடத்திக் கூட்டிப் போக நடைபாதை எங்கே சார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-ல் போட்ட வழக்கில்தான், நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் வருகிறது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. எங்கள் துறைக்காரர் ஒருவர் ஆபரேஷன் தியேட்டரை விட்டுக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது என்பதிலேயே நிலைமை தெரியும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள், பள்ளிக்கூடத்து வாசலிலிருந்தாவது ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

சரி, மாட்டிவிட்டது என்றால்? இழுக்காதீர்கள். சக்கரத்தைப் பின்னால் சுற்றவும் வேண்டாம். பிள்ளையை ஒருவர் தாங்கிக்கொள்ளட்டும், வண்டியை ஒருவர் அசையாமல் பிடிக்கட்டும், கட்டிங் பிளேயர் கொண்டுவந்து கம்பியை வெட்டுங்கள். கம்பி போனால் போகட்டும். காலைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியைச் சுற்றி, உயரமாக வைத்துக்கொண்டு அன்றைக்கே வாருங்கள். காப்பித்தூள், மஞ்சள், டூத்பேஸ்ட் எதுவும் போடாதீர்கள், அதைக் கழுவி எடுக்கவே பிள்ளையை இன்னொரு தடவை அழவைக்க வேண்டியிருக்கிறது. நாட்டுக் கட்டு இறுக்கமாகப் போடவே கூடாது, மிச்சமிருக்கிற ரத்த ஓட்டமும் அதில் நின்றுபோகும். தடுப்பூசி அட்டையை எடுத்து வாருங்கள். நடக்கிறானே என்று மறுநாள் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.

இதைப் படிக்கும் டியூட்டி டாக்டர்களுக்கும் ஒன்று. நசுங்கிய தோலை இழுத்துப் பிடித்து நெருக்கமாகத் தைக்காதீர்கள். கழுவுங்கள், தளர்வாக விடுங்கள், எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டில் அடி இருக்கிறதா என்று எக்ஸ்ரேயை இன்னொரு முறை பாருங்கள், தசைநார் அறுந்திருக்கிறதா என்று கெண்டைக்காலைப் பிசைந்து பாருங்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லாமல், இரண்டாம் நாளே கட்டைப் பிரித்துப் பார்க்க வரச் சொல்லுங்கள். எக்ஸ்ரே நார்மல் என்று சொல்லும்போது, தோலுக்கு என்ன ஆகிறது என்று ஐந்து நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதையும் அந்த அம்மாவிடம் அங்கேயே சொல்லி அனுப்புங்கள்.