கலிபோர்னியாவில் பக்கத்து மனையோடு எல்லையை மாற்றுவது: வேரியன்ஸ் எப்போது தேவைப்படும்?

கலிபோர்னியாவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டு மனைகளின் உரிமையாளர்கள், நடுவே உள்ள எல்லைக்கோட்டைச் சில அடி நகர்த்திக்கொள்ள மனமொத்து முடிவு செய்தாலும், அந்த முடிவு மட்டும் எல்லையை நகர்த்திவிடாது. வேலியைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டு, இருவரும் ஒரு தாளில் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால், நகர நிர்வாகத்தின் பார்வையில் பழைய கோடுதான் எல்லையாக நீடிக்கும். வீட்டை விற்கும்போதோ புதிதாக ஓர் அறை கட்ட அனுமதி கேட்கும்போதோதான் அந்தச் சிக்கல் வெளியே வரும். இதற்கு முறையான வழி ‘லாட் லைன் அட்ஜஸ்ட்மென்ட்’ எனப்படும் எல்லைக்கோட்டு மாற்றம். ‘வேரியன்ஸ்’ என்பது வேறு; எந்தப் பகுதியில் எதை, எவ்வளவு இடம் விட்டுக் கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதி ஒன்றிலிருந்து ஒரு மனைக்கு மட்டும் தரப்படும் விலக்கு அது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் வீணாகக் கட்டணத்தையும் பல மாதங்களையும் இழக்க நேரலாம் என்பதால், முதலில் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும்.

எல்லைக்கோட்டு மாற்றத்துக்கான அடிப்படை, மாநில அரசுச் சட்டத் தொகுப்பின் 66412ஆம் பிரிவில், (டி) உட்பிரிவில் இருக்கிறது. ஒன்றையொன்று ஒட்டிய நான்கு அல்லது அதற்குக் குறைவான மனைகளுக்கு இடையே நிலம் கைமாறி, முன்பு இருந்ததைவிட மனைகளின் எண்ணிக்கை கூடாமல் இருந்தால், மனைப்பிரிவுக்குத் தேவைப்படும் நீண்ட வரைபட நடைமுறை இதற்குத் தேவையில்லை. நகரமோ கவுன்ட்டியோ (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பார்க்கக்கூடியதும் வரையறுக்கப்பட்டிருக்கிறது: மாற்றத்துக்குப் பின் உருவாகும் மனைகள் பொதுத் திட்டத்துக்கும், பொருந்துமிடத்தில் பகுதித் திட்டத்துக்கும் கடற்கரைத் திட்டத்துக்கும், மண்டல, கட்டட விதிகளுக்கும் உட்பட்டிருக்கின்றனவா என்பது மட்டுமே. இவற்றுக்கு இணங்கச் செய்வது, சொத்து வரியை முன்கூட்டிக் கட்டச் சொல்வது, ஏற்கெனவே உள்ள குழாய், கம்பி, வழி உரிமை ஆகியவற்றை இடம் மாற்ற வழிசெய்வது ஆகியவற்றுக்கு மேல் நிபந்தனை விதிக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆகவே, புதிய கோடு விதிகளுக்குள் அடங்கினால் வேரியன்ஸ் என்ற பேச்சே எழாது.

விதிகளுக்குள் அடங்காதபோதுதான் அந்தத் தேவை வருகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு நகரின் குடியிருப்பு மண்டலத்தில் மனையின் குறைந்தபட்சப் பரப்பு 6,000 சதுர அடி என்றும், வீட்டுச் சுவருக்கும் பக்கவாட்டு எல்லைக்கும் இடையே 5 அடி விட வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒருவர் கட்ட விரும்பும் அறையின் சுவர் எல்லையிலிருந்து 3 அடியில்தான் அமையும். பக்கத்து வீட்டுக்காரர் 100 அடி நீளத்துக்கு 2 அடி அகலம் தர இசைகிறார். கொடுப்பவருடைய மனை 7,000 சதுர அடியாக இருந்தால் 200 சதுர அடி போனாலும் குறையில்லை. அதுவே 6,100 சதுர அடி என்றால், மிஞ்சுவது 5,900, விதி மீறப்படுகிறது. கொடுப்பவரின் வீட்டுச் சுவரிலிருந்து புதிய கோட்டுக்கு 5 அடி மிஞ்சுகிறதா என்பதையும், மனையின் அகலத்துக்குத் தனியாகக் குறைந்தபட்ச அளவு உண்டா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நிலத்தைப் பெறுபவரின் பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு, கொடுப்பவரின் பக்கத்தை மறந்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் வேரியன்ஸ் கேட்டால் கிடைக்குமா? சட்டத் தொகுப்பின் 65906ஆம் பிரிவு வைக்கும் சோதனை கடுமையானது. மனையின் அளவு, வடிவம், மேடுபள்ளம், அமைவிடம், சுற்றுப்புறம் போன்ற சிறப்புச் சூழ்நிலை காரணமாக, விதியை அப்படியே செலுத்தினால், அதே மண்டலத்தில் அக்கம்பக்கத்து மனைகள் அனுபவிக்கும் உரிமை இந்த மனைக்கு இல்லாமல் போகிறது என்று காட்ட வேண்டும். குடும்பம் பெரிதாகிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் சம்மதம், கட்டடம் அழகாக இருக்கும் என்பவை எவ்வளவு உண்மையானாலும் இந்தச் சோதனைக்கு விடையாகா. காரணம் நிலத்தில் இருக்க வேண்டும், நிலத்துக்கு உரியவரிடத்தில் அன்று. 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் டொபாங்கா வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டி, டொபாங்கா பள்ளத்தாக்கில் 28 ஏக்கரில் நகர்வு வீடுகளுக்கான குடியிருப்பு அமைக்க வேரியன்ஸ் தந்திருந்தது. அந்தத் திட்டம் விரும்பத்தக்கது என்பதைக் காட்டினால் போதாது, அந்த நிலம் சுற்றியுள்ள நிலங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதைச் சான்றுகளோடு எழுதிக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் கூறி, அனுமதி செல்லாது என்றது. எல்லையைத் தாங்களே நகர்த்தி, அதனால் மனை சிறுத்துவிட்டது என்று விலக்குக் கேட்பவரின் நிலை இதனால் இன்னும் பலவீனமாகிறது. அந்தக் குறையை நிலம் கொண்டுவரவில்லை, அவர்களே உண்டாக்கினார்கள்.

எனவே வேரியன்ஸ் தேவைப்படாதபடி கோட்டை வரைவதே நான் பரிந்துரைக்கும் வழி. மேற்சொன்ன எடுத்துக்காட்டில், 100 அடிக்கும் கோட்டை நகர்த்தாமல், அறை அமையும் பகுதியை ஒட்டி 40 அடிக்கு மட்டும் நகர்த்தினால் கைமாறுவது 80 சதுர அடியே. கொடுப்பவருக்கு 6,020 மிஞ்சுகிறது. அல்லது 200 சதுர அடியைப் பெற்றுக்கொண்டு, தோட்டத்தின் பின்கோடியில் அதே அளவைத் திருப்பித் தரலாம். மடிந்து செல்லும் எல்லைக்கோட்டைச் சில நகரங்கள் விரும்புவதில்லை என்பதால், அளவையாளருக்குப் பணம் கொடுக்கும் முன் நகரத் திட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. மனை ஏற்கெனவே குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருக்கும் பழைய பகுதிகளில், இருக்கும் குறை மேலும் கூடாதவரை மாற்றத்தை ஏற்கும் நகரங்கள் பல உண்டு. இதையும் கேட்க வேண்டும்.

வேரியன்ஸ்தான் ஒரே வழி என்றால், பொதுவாகப் பொது விசாரணை நடக்கும். அதற்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக, பொதுவாக 300 அடிக்குள் உள்ள மனை உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பப்படும். முடிவை எதிர்த்து நீதிமன்றம் செல்ல 90 நாள் கெடு உண்டு. நகருக்குள் மேல்முறையீடு செய்யும் கெடு இதைவிடக் குறைவு, சான் பிரான்சிஸ்கோவில் 10 நாள்தான். சராசரிச் சரிவு 20 சதவீதத்துக்குக் குறைவான நிலத்தில், புதிய மனை எதையும் உருவாக்காத சிறு எல்லை மாற்றங்களும் பக்க இடைவெளி வேரியன்ஸுகளும் பொதுவாகச் சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து விலக்குப் பெறுகின்றன. கடற்கரை மண்டலத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை: எல்லைக்கோட்டு மாற்றத்தையே கடற்கரைச் சட்டப்படி அனுமதி வேண்டிய ‘மேம்பாடு’ என்று 1999இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றிருப்பதால், அங்கே கடற்கரை அனுமதியும் வேண்டியிருக்கும்.

அனுமதிக் கடிதம் வந்ததோடு வேலை முடியவில்லை. புதிய எல்லைகளின் விவரிப்பை உரிமம் பெற்ற நில அளவையாளரோ, 1982க்கு முன் பதிவு பெற்ற சிவில் பொறியாளரோ எழுதித் தர, மாற்றம் ஒரு பத்திரத்தில் எழுதப்பட்டுக் கவுன்ட்டி பதிவாளரிடம் பதிவாக வேண்டும். கொடுப்பவரின் மனைமீது வீட்டுக் கடன் இருந்தால், கைமாறும் துண்டை அந்த வங்கி ஈட்டிலிருந்து விடுவித்துத் தர வேண்டும்; பெறுபவரின் வங்கி, புதிய துண்டையும் தன் ஈட்டில் சேர்க்கச் சொல்லலாம். பலர் கடைசியில் நினைவுகொள்ளும் இந்த வங்கிச் சம்மதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதால், நகரத்தில் விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே வங்கிக்கும் எழுதிவிடலாம். விலைக்கு வாங்கிய துண்டுக்குப் பொதுவாக அன்றைய சந்தை மதிப்பில் சொத்து வரி கணக்கிடப்படும். மனையின் மீதிப் பகுதிக்கு சொத்து வரிக்கான மதிப்பு உயர்வைக் கட்டுப்படுத்தும் 1978இன் 13ஆம் முன்மொழிவு தரும் பழைய மதிப்பு அப்படியே தொடரும்.