வலி எங்கே, மவுஸ் எது?

வலது கையை மேசைமேல் குப்புற வையுங்கள். இடது கை விரல்களால் வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே, முன்கையின் மேற்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். தோலுக்கடியில் ஒரு தசை இறுகுவது கைக்குத் தெரியும். தவறி கிளிக் ஆகிவிடக் கூடாதே என்று மவுஸ் பட்டனுக்கு மேலே விரலைத் தூக்கியே வைத்திருக்கிறோம் அல்லவா, அந்த நேரமெல்லாம் உழைப்பது இந்தத் தசைதான். கிளிக் ஒரு நொடியில் முடிந்துவிடும். தூக்கிப் பிடிப்பது மணிக்கணக்கில் நீளும்.

மவுஸ் கையைச் சோர்வாக்குவது பெரும்பாலும் இப்படி அசையாமல் தாங்கும் சுமையால்தான். அந்தச் சுமை எந்தத் தசையில், எந்த மூட்டில் விழுகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் புது மவுஸ் தேட வேண்டும். ‘எர்கோனாமிக்’, அதாவது உடலுக்கு இசைந்தது, என்று பெட்டியில் அச்சடித்திருப்பதால் அது உங்கள் கைக்குப் பொருந்திவிடாது.

முன்கையில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள். கை குலுக்க நீட்டும்போது, அதாவது கட்டைவிரல் மேலே பார்க்கும்போது, இரண்டும் ஏறக்குறைய இணையாக இருக்கின்றன. உள்ளங்கையைக் கவிழ்த்தால் ரேடியஸ் அல்னாவின் குறுக்கே திரும்புகிறது. தட்டையான மவுஸைப் பிடிக்கும் கை நாள் முழுக்க இந்த முறுக்கிலேயே இருக்கிறது. இதோடு இன்னும் இரண்டு கோணல்கள் சேர்கின்றன. மவுஸின் முதுகு உயரமாக இருந்தால் மணிக்கட்டு பின்னோக்கி வளைகிறது. மவுஸ் உடலைவிட்டு எட்டி இருந்தால் மணிக்கட்டு பக்கவாட்டில் வளைந்து நிற்கிறது.

மணிக்கட்டின் உள்பக்கம் ‘கார்பல் டனல்’ என்ற குறுகிய வழி உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் ஓடுகின்றன. மணிக்கட்டு வளைந்தாலும், விரல்கள் அழுத்தமாகப் பிடித்தாலும் உள்ளே அழுத்தம் ஏறும். மவுஸில் பட்டனை அழுத்திப் பிடித்தபடி எதையாவது இழுக்கும்போது இது சுமார் 30 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தொடுவதை ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். அந்த அளவு நீடித்தால் நரம்புக்குப் போகும் ரத்த ஓட்டமே குறையத் தொடங்கும். ஆக, கிளிக்கைவிட இழுத்தல்தான் கைக்குக் கெடுதல்.

இனி வலிக்கு வருவோம். முழங்கையின் வெளிப்புற எலும்பை ஒட்டியோ முன்கையின் மேற்பக்கத்திலோ வலித்தால், முதலில் சொன்ன தூக்கிப் பிடிக்கும் தசைகள் களைத்திருக்கின்றன. விரல்கள் முழு நீளமும் படுத்து ஓய்வெடுக்கும் அளவுக்கு நீண்ட பட்டன்களும், விரலின் எடைக்கே விழுந்துவிடாத கிளிக்கும் கொண்ட மவுஸ் தேவை. மென்மையான கிளிக் வசதி என்று பலர் நினைக்கிறார்கள். விரலை நிம்மதியாக வைக்க முடியாத அளவுக்கு அது மென்மையாக இருந்தால் பலன் தலைகீழாகிவிடும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் மீடியன் நரம்பைச் சந்தேகிக்கலாம். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் அது வேறு நரம்பு. முழங்கையைக் கடினமான மேசை விளிம்பிலோ நாற்காலிக் கையிலோ ஊன்றுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். அங்கே மவுஸை மாற்றிப் பயனில்லை, ஊன்றுவதை நிறுத்த வேண்டும். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலித்தால், கட்டைவிரலால் பந்தை உருட்டிச் சுட்டியை நகர்த்தும் டிராக்பாலை வாங்கவே வாங்காதீர்கள்.

கை குலுக்குவதுபோல் பக்கவாட்டில் பிடிக்கும் வெர்டிகல் (செங்குத்து) மவுஸ் முன்கை முறுக்கைக் குறைக்கிறது, அதில் சந்தேகமில்லை. லாஜிடெக் எம்எக்ஸ் வெர்டிகல், லிஃப்ட் இரண்டிலும் சாய்வு 57 டிகிரி. எவல்யூவென்ட் நிறுவனத்தின் வெர்டிகல் மவுஸ் இன்னும் செங்குத்து. சாய்வு கூடக் கூட நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தட்டை மவுஸில் கிளிக்கின் விசை மேசைக்குள் இறங்கிவிடும். செங்குத்து மவுஸில் அதே விசை மவுஸையே பக்கவாட்டில் தள்ளும். அதைத் தடுக்கக் கட்டைவிரல் மறுபக்கத்திலிருந்து எதிர்த்து அழுத்தியாக வேண்டும். சின்னச் சின்னப் பொத்தான்களைக் குறிவைக்கும் வேலையில், எக்செல் கட்டத்தின் ஓரத்தைப் பிடித்து இழுப்பதில், இது உடனே தெரியும். இழுத்தல் அதிகமுள்ள வரைகலை வேலைக்கு மிதமான சாய்வே போதும் என்பது எங்கள் கருத்து.

வெர்டிகல் மவுஸின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள். சுண்டுவிரல் உட்காரும் இடத்தில் வெளியே நீண்ட ஒரு விளிம்பு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் சுண்டுவிரலின் பக்கம் மேசையில் நாள் முழுக்க உரசும். உரசலைத் தவிர்க்கக் கை தானாகவே விரலைத் தூக்கிக்கொள்ளும், அடுத்த வலி அங்கே ஆரம்பமாகும். வெர்டிகல் மவுஸ் வாங்கி ஒரே மாதத்தில் அலமாரியில் போடுபவர்கள் பலருக்கும் காரணம் இந்த விளிம்பு இல்லாததாகவோ தவறான அளவாகவோ இருக்கலாம்.

அளவுக்கு ஒரு ஸ்கேல் போதும். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து பாருங்கள். 17 சென்டிமீட்டருக்குக் கீழே சிறிய கை, 17 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது என்று தோராயமாகக் கொள்ளலாம். தட்டை மவுஸின் நீளம் கை நீளத்தில் 60 சதவீதத்தை ஒட்டி இருந்தால் உள்ளங்கை அதன்மேல் நன்றாகப் படியும். 18 சென்டிமீட்டர் கைக்கு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். மவுஸ் சிறியதாக இருந்தால் விரல்கள் கொக்கிபோல் மடங்கி இறுகும். பெரியதாக இருந்தால் ஸ்க்ரோல் வீலை எட்ட முழுக் கையையும் முன்னே நகர்த்த வேண்டிவரும். லிஃப்ட் சிறிய, நடுத்தரக் கைகளுக்கானது. அதில் இடது கைக்காரர்களுக்குத் தனி மாடலும் உண்டு. எம்எக்ஸ் வெர்டிகல் பெரிய கைக்குப் பொருந்தும்.

டிராக்பாலில் மவுஸ் நகராது, பந்து மட்டும் உருளும். முன்கைக்கும் தோளுக்கும் ஓய்வு, சுமை விரலுக்குப் போய்விடும். லாஜிடெக் எர்கோ எம்575இல் 34 மில்லிமீட்டர் பந்து, உருட்டுவது கட்டைவிரல். கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுஸில் 55 மில்லிமீட்டர் பந்து, அதை மூன்று நான்கு விரல்களால் மாற்றி மாற்றி உருட்டலாம், சுமை பகிர்ந்துவிடும். பந்தைத் தாங்கும் மூன்று சிறு குமிழ்களில் தூசி திரண்டால் பந்து சிக்கிச் சிக்கி உருளும், நாமும் தெரியாமலே கூடுதலாக அழுத்துவோம். பந்தை வெளியே எடுத்து, குமிழ்களைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் வாரம் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு அமைப்புகளைத் தொடாமல் விடுவது பாதி வேலைதான். 1000 டிபிஐ என்றால் மவுஸ் ஒரு அங்குலம் நகரும்போது சென்சார் 1000 எண்ணிக்கை அனுப்பும். விண்டோஸில் வேக அளவு நடுவில் இருந்து, வேகமூட்டும் வசதி அணைந்திருந்தால், 1920 பிக்சல் அகலத் திரையைக் கடக்க 1.92 அங்குலம், அதாவது 4.9 சென்டிமீட்டர் போதும். 3840 பிக்சல் திரையில் அது 9.8 சென்டிமீட்டர் ஆகிவிடும். பெரிய திரை வாங்கியதும் கை வலிக்க ஆரம்பிப்பதன் காரணங்களில் இது ஒன்று. டிபிஐயை அளவுக்கு மீறி ஏற்றினாலும் ஆபத்துதான். திரையில் அம்புக்குறி துள்ளுவதைக் கட்டுப்படுத்த விரல்கள் மவுஸை நசுக்கிப் பிடிக்கும். சாதாரணத் திரைக்கு 1000 முதல் 1600 வரை வைத்து, பிடி தளர்கிறதா என்று பாருங்கள்.

இழுத்தலைக் குறைக்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. கன்ட்ரோல் பேனலில் மவுஸ் பகுதிக்குப் போய், முதல் தாவலில் கிளிக்லாக் என்பதை இயக்குங்கள். பட்டனைச் சற்று நேரம் அழுத்திவிட்டு விட்டால் அது அழுத்தியபடியே பூட்டிக்கொள்ளும். விரலை எடுத்துவிட்டே இழுக்கலாம், மறுபடி கிளிக் செய்தால் பூட்டு விடும்.

இன்னொன்று கீபோர்டு. வலப்பக்க எண்விசைத் தொகுதி மவுஸை ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் வெளியே தள்ளுகிறது. எண்கள் அதிகம் அடிக்காதவர் அது இல்லாத கீபோர்டுக்கு மாறினால், தோளும் மணிக்கட்டும் நேராகும். புது மவுஸைவிட இது அதிகம் உதவுவதும் உண்டு. ஜெல் திண்டு வைத்திருந்தால், ஓய்வு நேரத்தில் மட்டும் கையின் அடிமேட்டை அதில் சாய்த்துக்கொள்ளுங்கள். மவுஸ் நகரும்போது மணிக்கட்டை அதில் ஊன்றினால் கார்பல் டனலின் வாயிலையே அழுத்துகிறீர்கள்.

புது வடிவத்துக்குக் கை பழக ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். முதல் நாட்களில் தினம் ஒரு மணி நேரம், மீதி நேரம் பழைய மவுஸ் என்று மாற்றிக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகும் வலி இடம் மாறியதே தவிரக் குறையவில்லை என்றால், சாய்வோ அளவோ உங்களுக்கானது இல்லை. திருப்பித் தரும் காலக்கெடு உள்ள கடையில் வாங்குங்கள். இரவில் விரல் மரத்து விழிப்பு வருவது, பிடித்த பொருள் நழுவுவது, கட்டைவிரலின் அடிச்சதை மெலிவது, இவற்றில் ஏதாவது இருந்தால் மவுஸ் தேடுவதை நிறுத்திவிட்டு எலும்பு அல்லது நரம்பு மருத்துவரிடம் போய், அவர் சொன்னால் நரம்புக் கடத்தல் சோதனை செய்துகொள்ளுங்கள்.